குடித்தவர்களுக்கு ஒரு பந்தல்

“கடைசியா எப்பக் குடிச்சீங்க?”

இந்த ஒரு கேள்வியைக் கேட்டே இத்தனை வருஷம் வயிற்றைக் கழுவியிருக்கிறேன். இலுப்பூரிலும் சுற்றுப்பட்டுக் கிராமங்களிலும் என் வாயால் இந்தக் கேள்வியைக் கேட்காத குடிகாரர் குறைவு. மூன்று விதமாகத்தான் பதில் வரும். குடிக்கிறவர் தரையைப் பார்த்துக்கொண்டு “நேத்துங்க” என்பார். பொய் சொல்கிறவர் நான் கேட்டு முடிப்பதற்குள் “அதெல்லாம் இல்லைங்க” என்று முந்திக்கொள்வார். குடியை விட்டவர் இருக்கிறாரே, அவர் மாசம், தேதி, கிழமை, அன்றைக்கு வீட்டில் என்ன குழம்பு என்பது வரைக்கும் ஒப்பிப்பார். மூன்று பேருக்கும் ஒரு ஒற்றுமை உண்டு. யாரும் யோசிக்க மாட்டார்கள். பதில் நாக்கு நுனியிலேயே இருக்கும்.

நான் அறந்தாங்கிக்காரி. எங்கள் தெருவில் பாதி வீட்டு ஆண்கள் சவுதியிலோ துபாயிலோ இருப்பார்கள். என் அத்தாவும் அப்படி இருந்தவர்தான். அவர் அங்கே வெயிலில் நின்று அனுப்பிய காசில் சமூகப்பணி படித்து முடித்த நான், போயும் போயும் இந்த வேலையில் சேர்ந்ததை அம்மாவால் இன்று வரை ஜீரணிக்க முடியவில்லை. நம் வீட்டில் அந்த வாடையே தெரியாது, அதைத் தேடிப் பஸ் ஏறிப் போகிறாயே என்று சோற்றைத் தட்டில் வைக்கும்போதெல்லாம் சொல்வாள். வாடை பிடித்துப் போகவில்லை, வாடை போன பிறகு மனிதர் எப்படி இருக்கிறார் என்று பார்க்கப் போகிறேன் என்பேன். அதற்கும் ஒரு முறைப்பு கிடைக்கும்.

எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே இருக்கும். அதை மறைத்துப் பயனில்லை, இந்தக் கதையில் எப்படியும் தெரியத்தான் போகிறது.

வேலை இதுதான். இலுப்பூரில் பஸ் ஸ்டாண்டுக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு சமுதாயக் கூடம். வியாழக்கிழமைதோறும் அங்கே குடியை விட நினைப்பவர்களுக்கு மருத்துவம் பார்த்தோம். திருச்சியிலிருந்து டாக்டர் வருவார். கூட்டம் சேரும், மாத்திரை கிடைக்கும், காது கொடுத்துக் கேட்க ஆள் இருக்கும். ஊருக்குள் அதற்கு வியாழக்கிழமை ஆஸ்பத்திரி என்றே பெயர்.

அந்த மருத்துவத்துக்குள்ளேயே ஓர் ஆய்வும் நடந்தது. சம்மதித்து வருகிற எல்லோருக்கும் மாத்திரையும் டாக்டரின் ஆலோசனையும் உண்டு. அதில் பாதிப் பேருக்கு மட்டும் கூடுதலாக ஒரு துணை. துணை என்றால், ஒரு காலத்தில் குடித்து இப்போது விட்டுவிட்ட ஒருவர், வாரம் தவறாமல் இவர்களுடைய வீட்டுக்கே போய் உட்கார்ந்து பேசிவிட்டு வருவார். அவ்வளவுதான். அந்தத் துணையால் ஏதாவது பிரயோஜனம் உண்டா, அல்லது மாத்திரையே போதுமா? இதைக் கண்டுபிடிக்க வேண்டும். யாருக்குத் துணை என்பதை டாக்டரும் முடிவு செய்ய முடியாது, நானும் செய்ய முடியாது. கம்ப்யூட்டர் குலுக்கிப் போடும். “ஒனக்குச் சீட்டு விழுந்துச்சா?” என்று கூடத்து வாசலில் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வார்கள். குலுக்கல் சீட்டுக்குப் பழகிய ஊரில் இதைப் புரியவைக்க நான் பெரிதாகக் கஷ்டப்படவில்லை.

கஷ்டம் கடைசியில்தான் இருந்தது. ஒரு வருஷம் முடிந்ததும் ஆய்வில் சேர்ந்த ஒவ்வொருவரையும் தேடிப் பிடித்து, அந்தக் கேள்வியைக் கேட்டுப் பதில் வாங்க வேண்டும். நிறையப் பேர் விட்டுப்போனால் ஆய்வு செல்லாது. ஆய்வு செல்லாவிட்டால் அதற்கு நிதி தருகிறவர்கள் கையை விரித்துவிடுவார்கள், கூடத்துக்குப் பூட்டு விழும். அப்புறம் குடியை விட நினைக்கிற ஆள் வேலையைக் கெடுத்துக்கொண்டு புதுக்கோட்டைக்கோ திருச்சிக்கோ போக வேண்டும். யார் போவார்? பஸ்ஸுக்கு நிற்கிற இடத்துக்கு எதிரிலேயே கடை இருக்கிறது. கூடம் போனால் அவ்வளவு பேரும் போனார்கள் என்றுதான் அர்த்தம். அந்த நினைப்பே எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது.

இனி மனிதர்களுக்கு வருகிறேன். ஒரு கொத்தனார், அவருடைய மனைவி, மனைவியின் அண்ணன். அண்ணன் பந்தல் போடுகிறவர். ஷாமியானா, நாற்காலி, மைக் செட், சீரியல் லைட் எல்லாம் வைத்திருப்பார், சொந்தமாக ஒரு லோடு வேனும் உண்டு. கூடம் திறந்த புதிதில் ஒரு வியாழக்கிழமை, தங்கை புருஷனைச் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு உள்ளே வந்தார்.

“எந்தங்கச்சி அழுது அழுது பாதியாயிட்டாங்க. இவனை என்னமாச்சும் பண்ணி மனுசனாக்குங்க” என்றார்.

டாக்டர் அவசரப்படாதவர். கொத்தனாரைப் பார்த்தார், பிறகு இழுத்து வந்தவரை நிதானமாகப் பார்த்தார். நீங்க குடிக்கிறது இல்லையா என்று கேட்டார். காற்று எங்கள் பக்கம்தான் வீசிக்கொண்டிருந்தது. பந்தல்காரர் தலையைச் சொறிந்துகொண்டு, தான் லேசாகத்தான் என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்றைக்கே இரண்டு பேரும் சேர்ந்தார்கள்.

குலுக்கலில் துணை விழுந்தது கொத்தனாருக்கு. பந்தல்காரருக்கு விழவில்லை. மாப்பிள்ளைக்கு விழுந்தால் தனக்கு விழுந்த மாதிரிதான் என்று அவர் பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டுப் போனார். கொத்தனார் வீட்டுக்கு ஒரு ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் வாரம் தவறாமல் போனார். கொத்தனார் குடியை விட்டார். விட்டதோடு நிற்காமல், விட்டவர்களையெல்லாம் ஒன்று சேர்த்துக் கூடத்துக்குப் பக்கத்து டீக்கடையில் ஒரு சபையே நடத்த ஆரம்பித்தார். பந்தல்காரர் முதலில் ஒழுங்காக வந்தார், பிறகு எப்போதாவது வந்தார், பிறகு வரவே இல்லை. ஆடி மாசத் திருவிழாக்கள் தொடங்கியதும் மனிதர் அகப்படவே இல்லை.

கடைசிச் சுற்று ஆரம்பமானது. முதல் வியாழக்கிழமை கூடம் நிறைந்து வழிந்தது. ஒவ்வொருவரும் தலை வாரி, திருநீறு பூசி, தேய்த்த சட்டையோடு வந்திருந்தார்கள். கேள்வியைக் கேட்டேன். குடிக்கவில்லை. அடுத்தவர். குடிக்கவில்லை. மூச்சை ஊதிப் பார்க்கிற கருவி ஒன்று எங்களிடம் உண்டு. ஊதிய அத்தனை பேருக்கும் அது பூஜ்யம் காட்டியது. எனக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்த வாரமும் அதே கதை. அன்று சாயங்காலம் மருந்துப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டே டாக்டரிடம் அளக்க ஆரம்பித்தேன். சார், நாம ஜெயிச்சுட்டோம், துணை இருக்கிறவரும் குடிக்கலை, துணை இல்லாதவரும் குடிக்கலை, இந்த ஊரே திருந்திருச்சு என்றேன்.

டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “குடிச்சவர் ஒருத்தர்கூட இன்னும் வரலையேம்மா. அவங்கல்லாம் எங்க?” என்றார்.

அந்த ஒரு வார்த்தையில் என் உற்சாகமெல்லாம் புஸ்ஸென்று போனது. உண்மைதான். வந்தவர்கள் எல்லோரும் விட்டவர்கள். மீதிப் பேர் எங்கே? போன் போட்டால் ஸ்விட்ச் ஆஃப். வீட்டுக்குப் போனால் பதில் தயாராக இருந்தது. திருப்பூர் போய்விட்டார், சென்னை போய்விட்டார், சவுதி போய்விட்டார். விட்டவர்களை மட்டும் வைத்துக்கொண்டு ஆய்வை முடித்தால், எங்கள் மருத்துவம் யாருக்கு உதவியது, யாருக்கு உதவவில்லை என்று எப்படித் தெரியும்? அரிசியை மட்டும் எண்ணிவிட்டுக் கல்லே இல்லை என்று சொல்கிற மாதிரி. இப்படியே போனால் ஆய்வு செல்லாது என்று எழுதி அனுப்ப வேண்டியதுதான் என்றார் டாக்டர். அவர் அதைச் சத்தம் போடாமல் சொன்னதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

அந்த வாரம் கீரனூர் போகிற டவுன் பஸ்ஸில் எனக்கு விடை கிடைத்தது. முன்னால் ஓர் ஆள் மடியில் சேவலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சேவலுக்கு டிக்கெட் உண்டா இல்லையா என்று கண்டக்டரோடு தகராறு. குரல் எங்கேயோ கேட்ட குரல். எட்டிப் பார்த்தேன். போன வாரம்தான் அவருடைய வீட்டில், அவர் சவுதி போய் மாதக்கணக்காகிறது என்று சொல்லியிருந்தார்கள். அறந்தாங்கிக்காரியிடமே சவுதிக் கதை! என்னைப் பார்த்ததும் அவர் சேவலைத் தூக்கி முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டார்.

பஸ்ஸில் நான் ஒன்றும் கேட்கவில்லை. யார் எங்கள் ஆஸ்பத்திரிக்கு வருகிறவர் என்று நாலு பேருக்கு முன்னால் காட்டிக்கொடுக்கக் கூடாது, அது எங்கள் வேலையின் முதல் விதி. அவர் இறங்கிய ஸ்டாப்பில் நானும் இறங்கினேன். ஆள் இல்லாத இடமாகப் பார்த்து, சவுதியில் சேவல் எல்லாம் நல்ல விலையா என்று கேட்டேன். மனிதர் நெளிந்தார்.

“கோச்சுக்காதீங்க மேடம். கொத்தனாருதான் யாரும் வர வேணாம்னாரு. ஆய்வு நடக்குதுல்ல, குடிச்சவன் போயி நின்னா ஆஸ்பத்திரிக்கு மார்க் கொறஞ்சு மூடிருவாங்களாம். எங்களால கெட்டுரக் கூடாதுல்ல, அதான் அங்கிட்டே தலைகாட்டலை.”

எனக்கு உச்சந்தலையில் சுர்ரென்று ஏறியது. நேராகக் கொத்தனார் வேலை செய்யும் இடத்துக்குப் போனேன். ஏதோ ஒரு வீட்டுக்கு மாடி எழுப்பிக்கொண்டிருந்தார். சாரத்தின் மேலிருந்து என்னைப் பார்த்து ஒரு வணக்கம் போட்டார், பெரிய சாதனை செய்த முகம். கீழே வாங்கண்ணே என்றேன். என் குரலைக் கேட்டுச் சித்தாள் பெண்கள் கலவை சுமப்பதை நிறுத்திவிட்டார்கள். அவரைத் தனியாக மணல் குவியலுக்கு அந்தப் பக்கம் கூட்டிப் போய்க் கேட்டேன்.

அவர் மறைக்கவே இல்லை. பெருமையாகச் சொன்னார். பதில் சொல்ல வருகிறவர்களில் குடிப்பவர் ஒருவரும் இருக்கக் கூடாது என்று டீக்கடைச் சபையில் முடிவு எடுத்தார்களாம். யார் யார் மறுபடி குடிக்கிறார்கள் என்று அவர்களுக்குத் தெரியாதா என்ன? ஆளுக்குக் கொஞ்சம் பேராகப் பிரித்துக்கொண்டு, வீட்டுக்கு வீடு போய், மேடம் வந்தால் ஊரில் இல்லை என்று சொல்லுங்கள் என்று பாடம் சொல்லிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார்கள். திருப்பூர், சென்னை, சவுதி எல்லாம் அவர்கள் கொடுத்த யோசனைதான்.

“எங்க பள்ளிக்கூடத்துல இன்ஸ்பெக்ஷன் வந்தா அப்படித்தாங்க மேடம். படிக்காத பயலுகளை நாளைக்கு வராதீங்கன்னு வாத்தியாரு சொல்லிருவாரு. நல்லாப் படிக்கிறவன் மட்டும் முன்னாடி ஒக்காந்து பதில் சொல்லுவான். பள்ளிக்கூடத்துக்கு நல்ல பேரு கெடைக்கும். நானே அந்த மாதிரி எத்தனையோ நாள் வீட்டுல இருந்திருக்கேன்.”

கடைசி வாக்கியத்தை அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. அதுவரை கத்தித் தீர்க்க வேண்டும் என்று இருந்தவள் செங்கல் அடுக்கின் மேல் உட்கார்ந்துவிட்டேன். இந்த மனிதர்கள் எங்களைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு எங்கள் கூடத்துக்குப் பூட்டு வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அதுவும் எவ்வளவு அக்கறையாக!

அண்ணே, இது இன்ஸ்பெக்ஷன் இல்லை என்றேன். மார்க் போட யாரும் வரவில்லை. குடித்தவர் வந்து குடித்தேன் என்று சொன்னால்தான், நம்முடைய மருத்துவம் அவருக்கு ஏன் பத்தவில்லை என்று தெரியும். விரிசல் விட்ட சுவரைத் துணி போட்டு மூடிவிட்டால் வீடு நன்றாக இருக்கிறது என்று ஆகிவிடுமா என்று கேட்டேன்.

“நான் கட்டுன சொவத்துல விரிசல் விடாதுங்க மேடம்” என்றார் ரோஷமாக.

யாரோ ஒருவர் கட்டிய சுவர் என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். யோசித்தார். விரிசலைப் பார்க்காமல் பூச முடியாது என்று மெதுவாக ஒத்துக்கொண்டார். அவர்கள் வராவிட்டால்தான் ஆஸ்பத்திரியை மூடுவார்கள் என்று நான் சொன்னதும் அவருடைய முகம் வெளுத்தது. கையிலிருந்த கரண்டியைக் கீழே போட்டுவிட்டு, இப்போதே மச்சானின் மைக் செட்டை ஆட்டோவில் கட்டி, குடித்தவர்கள் எல்லோரும் வியாழக்கிழமை கூடத்துக்கு வரவும் என்று ஊர் ஊராகச் சொல்லிவிட்டு வருகிறேன் என்று கிளம்பினார். எனக்கு உயிரே போய்விட்டது. சட்டையைப் பிடிக்காத குறையாக நிறுத்தினேன். பேரைச் சொல்லாமல், மைக் இல்லாமல், மறைத்தவர்களே போய்த் தனித்தனியாகக் காதில் சொல்ல வேண்டும். திட்ட மாட்டோம், போலீசுக்குச் சொல்ல மாட்டோம், வர விருப்பமில்லை என்றால் விட்டுவிட வேண்டும். கட்டாயப்படுத்தி வாங்குகிற பதில் எங்களுக்கு வேண்டாம். இதையெல்லாம் அவரைத் திருப்பிச் சொல்ல வைத்துவிட்டுத்தான் விட்டேன்.

“மச்சான் மட்டும் வர மாட்டாருங்க. அதை எம் பொண்டாட்டிக்கிட்டத்தான் பேசணும்” என்றார் கடைசியாக.

கொத்தனாரின் மனைவி வீட்டு வாசலில் துவைத்த துணியை உதறிப் போட்டுக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள், அண்ணன் திருப்பூரில் இருக்கிறார் என்றார். பந்தல்காரருக்குத் திருப்பூரில் என்ன வேலை, ஷாமியானாவுக்குப் பட்டன் தைக்கவா போனார் என்று கேட்டேன். அவருக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன. அண்ணன் ஷெட்டை விட்டு வெளியே வருவதே இல்லை, சாமான்களுக்கு நடுவிலேயே படுத்துக் கிடக்கிறார் என்றார்.

“எம் புருசனை இழுத்துக்கிட்டு வந்து காப்பாத்துனது எங்கண்ணன். அவரு இப்பக் கெடக்குற கெடையை யாருக்கும் காட்ட எனக்கு மனசு வரலைங்க. அவரும் அதான் சொல்லுது. ஆத்தா, நான் போயி நின்னா மாப்ள சம்பாதிச்ச நல்ல பேரும் கெட்டுரும், என்னைய விட்டுருன்னு.”

நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். உங்கள் வீட்டுக்காரருக்குத் துணை கிடைத்தது, அவர் தப்பித்தார். உங்கள் அண்ணனுக்குத் துணை கிடைக்கவில்லை. அவர் குடித்தது உண்மையென்றால் அந்த உண்மைதான் எங்களுக்கு வேண்டும். எனக்கு நல்ல பேர் வேண்டாம், உங்கள் அண்ணன் வேண்டும் என்றேன். நான் அழுதேனா என்று கேட்காதீர்கள். அவர் துணியை அப்படியே வாளியில் போட்டுவிட்டு, அண்ணன்கிட்டச் சொல்லிப் பாக்குறேங்க என்று மட்டும் சொன்னார்.

கடைசி வியாழக்கிழமை வந்தது. அன்றைக்கு வராதவர்களின் பதில் கணக்கில் சேராது. நான் முதல் பஸ்ஸிலேயே இலுப்பூர் போய் இறங்கினேன். கூடத்தை நோக்கி நடந்தவள் வழியிலேயே நின்றுவிட்டேன். கூடத்து வாசலில் சிவப்பும் மஞ்சளுமாக ஷாமியானா பந்தல் ஏறிக்கொண்டிருந்தது. லோடு வேனிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலிகள் இறங்கிக்கொண்டிருந்தன. நாற்காலிகளோடு சேர்ந்து மனிதர்களும் இறங்கினார்கள். அதில் சவுதிக்காரர் ஒருவர், இந்த முறை சேவல் இல்லாமல்.

பந்தல்காரர் ஓரத்துக் கம்பில் கயிற்றைச் சுற்றி முடிச்சுப் போட முயன்றுகொண்டிருந்தார். கை நடுங்கிற்று. முடிச்சு விழவில்லை. கொத்தனார் கம்பைப் பிடித்துக்கொண்டு, நான் போடுறேன் மச்சான் என்றார். நீ சொவத்தைப் பாரு மாப்ள, பந்தல் என் வேலை என்று சொல்லிவிட்டு மறுபடி முயன்றார். போட்டும்விட்டார்.

என்னண்ணே இது என்று கேட்டேன்.

“குடிச்சவன் உள்ள வரக் கூச்சப்படுவான் மேடம். மொதல்ல இங்கிட்டு ஒக்காரட்டும். அவனுக்கும் ஒரு நெழலு வேணும்ல” என்றார்.

முதல் நாள் சாயங்காலம் குடித்தாராம். இன்றைக்குக் காலையில் தொடவில்லை, ஊதச் சொல்வீர்கள் என்று தெரியும் என்றார். அதனால்தான் அந்த நடுக்கம். டாக்டர் வந்ததும் அவருடைய நாடியைப் பார்த்தார், நெற்றி வியர்வையைப் பார்த்தார். கேள்வி பிறகு, முதலில் மாத்திரை என்று சொல்லிப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். இப்படி நடுங்குகிற நேரத்தில் தனியாக விடக் கூடாது, சிலருக்கு வலிப்பு வந்துவிடும்.

வந்தார்கள். ஷேர் ஆட்டோவில், டூவீலரில், நடந்து, மனைவிக்குப் பின்னால் பதுங்கி. நிஜமாகவே திருப்பூர் போயிருந்த ஒருவர் இரவு முழுக்கப் பஸ்ஸில் வந்து நேராகப் பையோடு இறங்கினார். குடித்துவிட்டே வந்தவர்களும் உண்டு. போதையில் சொல்கிற பதிலை எடுக்கக் கூடாது. அவர்களைப் பந்தலில் உட்காரவைத்துக் கொத்தனாரின் மனைவி மோர் கொடுத்தார், மத்தியானம் தக்காளிச் சோறு கொடுத்தார். தெளிந்த பிறகு ஊதிப் பார்த்துவிட்டு உள்ளே கூப்பிட்டோம். தெருவில் போன ஒரு பெரியவர் யார் வீட்டுக் கல்யாணம் என்று விசாரித்தார். நம்ம வீட்டுதுதான், சாப்பிட்டுப் போங்க என்று கொத்தனார் அவரையும் உட்காரவைத்துவிட்டார்.

கேட்டேன். குடித்தேன் என்றார்கள். மறுபடி கேட்டேன். நேற்று என்றார்கள், முந்தாநாள் என்றார்கள், மகள் வளைகாப்பில் ஆரம்பித்தது நிற்கவில்லை என்றார்கள். இத்தனை வருஷத்தில் குடித்தேன் என்ற பதிலைக் கேட்டு நான் இவ்வளவு சந்தோஷப்பட்ட நாள் வேறு இல்லை. ஒவ்வொருவரிடமும் நன்றி என்றேன். திட்டு வாங்கத் தயாராக வந்தவர்கள் திருதிருவென்று விழித்தார்கள். ஒருவர் வெளியே போய்ப் பந்தலில் இருந்தவர்களிடம், உண்மையைச் சொன்னா மேடம் கும்பிடுது என்று சொன்னது எனக்குக் காதில் விழுந்தது.

வெயில் இறங்குகிற நேரத்துக்குப் பந்தல்காரர் என் முன்னால் வந்து உட்கார்ந்தார். நடுக்கம் குறைந்திருந்தது. கேட்டேன். நேத்துச் சாயங்காலம் என்றார், தரையைப் பார்க்காமல், என்னைப் பார்த்து. நான் கையிலிருந்த டேப் கம்ப்யூட்டரில் பதிந்தேன். டாக்டர் கணக்கைச் சரிபார்த்துவிட்டு எழுந்து நின்றார். அந்த அமைதியான மனிதர் மேஜையை ஓங்கித் தட்டி, போதும்மா, தாராளமாகப் போதும் என்றார். கொத்தனார் வெளியே ஓடிப்போய்ச் சீரியல் லைட்டைப் போட்டுவிட்டார். வாசல் முழுக்கப் பச்சையும் நீலமுமாக மின்னியது. நானும் கொத்தனாரின் மனைவியும் கையைப் பிடித்துக்கொண்டு நின்றோம். ஜெயித்தோம் என்று இந்த முறை டாக்டரே சொன்னார்.

சில மாதம் கழித்து முடிவு வந்தது. ஆய்வில் சேர்ந்தவர்களுக்குத்தான் அதை முதலில் சொல்ல வேண்டும் என்று டாக்டர் பிடிவாதமாக இருந்தார். அந்தக் கூடத்திலேயே வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டினோம். குடிக்காமல் இருப்பவர் எத்தனை பேர் என்று காட்டும் இரண்டு கோடுகள். இரண்டும் ஒரே இடத்தில் தொடங்கி, போகப் போக விலகின. மேலே போனது துணை இருந்தவர்கள், கீழே இறங்கியது துணை இல்லாதவர்கள். துணை இருந்தால் மனிதர் தப்பிக்கிறார் என்பது பளிச்சென்று தெரிந்தது. அதனால் கூடம் தொடரும், இனிமேல் குலுக்கல் கிடையாது, வருகிற எல்லோருக்கும் துணை உண்டு என்று டாக்டர் அறிவித்தார். கைதட்டல் அடங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

பின் வரிசையிலிருந்து பந்தல்காரர் எழுந்தார்.

“டாக்டரய்யா, அந்தக் கீழ எறங்குற கோட்டுல நானும் இருக்கேனா?”

யார் எந்தக் கோட்டில் என்று டாக்டர் சபையில் சொல்லக் கூடாது. அவர் தயங்கினார். பந்தல்காரரே மறுபடியும், நான் சொன்னா ஒண்ணும் தப்பில்லையே, எனக்குச் சீட்டு விழலை என்றார். இருக்கீங்க என்றார் டாக்டர்.

“அப்ப நானும் இவனுகளும் வந்து குடிச்சோம்னு சொன்னதாலதான அந்தக் கோடு கீழ போச்சு? அது கீழ போனதாலதான இப்ப அம்புட்டுப் பேருக்கும் தொணை கெடைக்குது?”

ஆமாம் என்றார் டாக்டர். பந்தல்காரர் திரும்பி, முன் வரிசையில் தேய்த்த சட்டையோடு உட்கார்ந்திருந்த மாப்பிள்ளையையும் அவருடைய சபையையும் ஒரு பார்வை பார்த்தார். காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு உட்கார்ந்தார். கூடமே குலுங்கிச் சிரித்தது. கொத்தனார்தான் எல்லோரையும் விடச் சத்தமாகச் சிரித்தார்.

பந்தல்காரருக்குத் துணையாகப் போனதும் அந்தக் கொத்தனார்தான். முறையாகப் பயிற்சி எடுத்துக்கொண்டு, வாரம் தவறாமல் மச்சான் வீட்டுக்குப் போனார். சட்டையைப் பிடித்து இழுத்து வந்தவரின் வீட்டில் போய் உட்கார்ந்து பேசினார். பந்தல்காரர் உடனே ஒன்றும் விட்டுவிடவில்லை. விட்டார், விழுந்தார், மறுபடி எழுந்தார். விழுந்த வாரங்களிலும் கூடத்துக்கு வந்து விழுந்தேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

போன வாரம் அவருடைய முறை வந்தது. வேனை வாசலில் நிறுத்திவிட்டு, கையில் கயிறும் தோளில் துண்டுமாக அவசரமாக உள்ளே வந்தார். எங்கேயோ காதுகுத்தாம், பந்தல் பாதியில் நிற்கிறதாம், சீக்கிரம் கேளுங்கள் என்றார். நானும் வழக்கம்போல டேப்பைத் திறந்து கேட்டேன்.

“கடைசியா எப்பக் குடிச்சீங்கண்ணே?”

பதில் நாக்கு நுனியில் இல்லை. நிமிர்ந்து பார்த்தேன். நெற்றியைச் சுருக்கி, கூரையைப் பார்த்து, விரலை மடக்கி எதையோ கூட்டிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

“இருங்க மேடம். யோசிச்சுத்தான் சொல்லணும்.”

யோசிங்கண்ணே, எனக்கு ஒரு அவசரமும் இல்லை என்றேன்.